கடைசிப் பந்திக்கும் வடை வருமா?

ஆவணி முகூர்த்தங்கள் கிட்ட வருவதால், இந்த முறை வந்த கேள்விகளில் பாதி கலியாணச் சாப்பாட்டைப் பற்றியவை. மற்றப் பாதி சம்பந்திகளைப் பற்றியவை. அவற்றுக்குப் பதில் எழுதிவிட்டு நான் கொழும்பில் குடியிருக்க முடியாது.

கேள்வி: மகளுக்குக் கலியாணம். பம்பலப்பிட்டியில் மண்டபம் எடுத்தாயிற்று. மூன்று கேற்றரிங்காரர் மெனு தந்திருக்கிறார்கள். ஒருவர் 21 வகை, ஒருவர் 16, ஒருவர் 11. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. யாரைப் பிடிப்பது?
- பெண்ணின் தகப்பன், பம்பலப்பிட்டி

பதில்: வகையை விடுங்கள், வாளி தூக்குகிற ஆட்களை எண்ணுங்கள். 21 வகையும் இலைக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்து இலைக்காரர் கை கழுவப் போயிருப்பார்.

உங்கள் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரே நேரத்தில் 120 பேர் இருக்கலாம் என்று வையுங்கள். 350 பேருக்கு மூன்று பந்தி. ஒரு பந்தி சாப்பிட்டு எழும்பி, மேசை துடைத்து, அடுத்த இலை போட முக்கால் மணித்தியாலம். பதினொன்றரைக்குத் தொடங்கினால் கடைசிப் பந்தி ஒரு மணிக்குத்தான் உட்காரும். தாலிகட்டு பிந்தினால் இன்னும் பிந்தும். அந்தச் சோறு விடிய நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் வடித்ததா, பன்னிரண்டுக்கு வடித்ததா என்பதில்தான் உங்கள் மானம் இருக்கிறது.

ஆகவே மூவரிடமும் ஒன்றையே கேளுங்கள்: "கடைசிப் பந்திக்குரியதை எப்ப சமைப்பீர்கள்?" "அண்ணே, எல்லாம் விடியவே ரெடி" என்று பெருமையாகச் சொன்னவரை வெட்டிவிடுங்கள். "கறிகளைக் கொண்டுவருவோம், சோறு இரண்டு தரம், வடையும் அப்பளமும் அங்கேயே பொரிப்போம். மண்டபத்தில் அடுப்பு மூட்ட விடுவினமோ?" என்று உங்களையே திருப்பிக் கேட்கிறவர் வேலை தெரிந்தவர். மண்டபக்காரரின் சம்மதத்தை இன்றைக்கே எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில் வெளிச் சமையலையே உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் குசினிக்குத் தனிக் காசு.

கேள்வி: ருசி பார்க்க வரச்சொல்கிறார்கள். யாரைக் கூட்டிப் போகலாம்?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: ஆறு பேருக்கு ருசியாகச் சமைக்க உங்கள் மாமியாருக்கும் தெரியும், அவர் அட்வான்ஸும் கேட்கமாட்டார். கேற்றரிங்காரர் இந்தக் கிழமை எந்தக் கலியாணத்துக்குச் சமைக்கிறார் என்று கேட்டு, அவர் சம்மதத்தோடு பின்பக்கமாக ஒன்றரை மணிக்குப் போய் நில்லுங்கள். சட்டியைப் பார்க்க வேண்டாம், எடுத்துவருகிற எச்சில் இலைகளைப் பாருங்கள். பருப்பு துடைத்துப்போட்டாற்போல் முடிந்து, உருளைக்கிழங்குப் பிரட்டல் மட்டும் இலைக்கு இலை மூலையில் ஒதுங்கியிருந்தால் அன்றைக்கு உப்பு எங்கே பிழைத்தது என்று தெரிந்துவிடும். பாயாசக் கப் பாதியோடு வந்தால், சர்க்கரைக்குப் பொறுப்பானவரை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹோட்டலில் தலைக்கு 2,000 ரூபா என்றார்கள். பில் வேறு கதை சொல்கிறது. ஏமாற்றா?
- கணக்காளர், ஆனால் மற்றவர்களுடைய கணக்குக்கு

பதில்: ஏமாற்று இல்லை. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும், உங்கள் கண் இரண்டாயிரத்திலேயே நின்றுவிட்டது. முதலாவது குறி 10 வீத சேவைக் கட்டணம்: 2,200 ரூபா. இரண்டாவது வற் வரி. 2024 ஜனவரி 1 முதல் அது 18 வீதம், அதுவும் 2,200க்கு மேல்: 2,596 ரூபா. 300 பேருக்கு ஆறு இலட்சம் என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள், கொடுக்கப்போவது 7,78,800. வேறு வரிகளும் ஒட்டிக்கொண்டு வரலாம் என்பதால், "எல்லாம் சேர்த்து ஓர் இலைக்கு எவ்வளவு?" என்ற ஒரே எண்ணை எழுதி வாங்குங்கள். வற் பதிவு இல்லாத சின்னச் சமையல்காரர் வற் அறவிட முடியாது. அவர் பில்லில் அந்த வரி இருந்தால் பதிவு இலக்கத்தைச் சிரித்த முகத்தோடு கேளுங்கள்.

கேள்வி: வாழையிலையா, பஃபேயா?

பதில்: உங்கள் பெரியம்மாவின் முழங்காலைக் கேளுங்கள்.

கேள்வி: 2022இல் கலியாணம் செய்தவர்களுக்கு ஒரு விருது கொடுக்கக்கூடாதா?
- அந்த வருஷத்து மாப்பிள்ளை

பதில்: உங்களுக்கல்ல, சமையல்காரருக்கு. ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்தக் காசைக் கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் சிலிண்டர் இல்லை, வரிசைதான் இருந்தது. பலர் விறகுக்குத் திரும்பினார்கள். பால்மா இல்லாததால் சம்பந்திகளுக்கே பிளேன் ரீ கொடுத்த கலியாணங்கள் நடந்தன. ஒருவரும் கோவிக்கவில்லை என்பது அந்த வருஷத்தின் தனிச் சாதனை.

ஆனால் அதில் ஒரு பாடம் மிஞ்சியது. ஆறு மாதத்துக்கு முன் அட்வான்ஸ் கொடுக்கும்போது, விலை ஏறினால் யார் சுமப்பது என்று ஒரு வரி எழுத வேண்டும். "பார்த்துச் செய்வோம்" என்பது அந்த வரி அல்ல. விலை எந்தத் திகதிவரை செல்லும், அதற்குப் பின் கூடியது எத்தனை வீதம் வரை, அதையும் தாண்டினால் மெனுவில் எதைக் குறைப்பது, இந்த மூன்றையும் எழுதினால் அரைப் பக்கம். எழுதாவிட்டால் கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்திப் பேரம்பேச வேண்டும். அந்த நேரத்தில் கழுத்து உங்களுடையது.

கேள்வி: கந்தோர்க்காரர் முஸ்லிம், சிங்களவர், எங்கள் ஆக்கள் எல்லாரும் வருவார்கள். கோழி போடாவிட்டால் குறை சொல்வார்களா?
- கொட்டாஞ்சேனை

பதில்: தாலிகட்டு மத்தியானம் சைவம்தான். அதில் எல்லோருக்கும் நிம்மதி. மாலை ரிசப்ஷனில் கோழி போடுவதானால் "ஒரு தட்டு ஹலால்" என்பது பகிடி. கரண்டி தட்டுவிட்டுத் தட்டு போகும், ஆகவே முழுக் குசினியும் ஹலாலாக இருக்க வேண்டும். இன்னொன்று, திகதி போயாவில் விழுகிறதா என்று பாருங்கள். அன்றைக்கு இறைச்சிக் கடையும் பூட்டு, மதுக் கடையும் பூட்டு. முழுநிலவில் ரிசப்ஷன் வைத்தால் படம் வடிவாக வரும், மச்சான்மார் முகம் வராது.

கேள்வி: லண்டன் சித்தப்பா சென்னையில் இருந்து சமையல்காரரை இறக்கலாம் என்கிறார். செலவு தன்னுடையதாம்.

பதில்: சமையல்காரரை விமானத்தில் ஏற்றுவது பழைய யோசனை. சாவி 1963இலேயே ஆனந்த விகடனில் "வாஷிங்டனில் திருமணம்" என்று தொடராக எழுதி ஊரைச் சிரிக்கவைத்தார். சென்னைக்காரரின் சாம்பாரும் ரசமும் குறை சொல்லமுடியாதவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் உங்கள் ஆச்சி "சொதி எங்கே?" என்று கேட்பார். திருநெல்வேலிக்காரரைக் கொண்டுவந்தாலாவது சொதி கிடைக்கும், அங்கே அது மறுவீட்டு விருந்து. சித்தப்பாவின் காசில் ஐஸ்கிறீமைப் போடச் சொல்லுங்கள், அவருக்கும் பெருமை.

கேள்வி: அனுமதிப்பத்திரம் காட்டச் சொன்னால் சமையல்காரர் கோவிப்பாரே?

பதில்: கோவித்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நேற்று வந்ததல்ல. அவருடைய குசினிக்குப் பி.எச்.ஐ. கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்பது அவமரியாதையும் அல்ல.

சட்டத்தைவிட எனக்குப் பயம் தேங்காய்ப்பாலில்தான். எங்கள் கறிகளில் பாதி பால்கறி, கொழும்பு வெக்கையில் அது மத்தியானத்துக்கு மேல் பொறுக்காது. சமைத்ததை 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருங்கள், வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோறும் அப்பாவி அல்ல. பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் இருந்து, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகும். நாலு மணிக்குப் பிறகு "மிஞ்சினதைப் பார்சல் கட்டுங்கோ" என்று ஒரு மாமி வருவார். அவருக்கு வடையும் பலகாரமும் கட்டிக்கொடுங்கள். கத்தரிக்காய்ப் பால்கறி வேண்டாம். அடுத்த நாள் அவர் வீட்டில் நடப்பதற்கு உங்கள் மகளின் கலியாணத்தின் பெயர்தான் வரும்.

கேள்வி: 400 அட்டை கொடுத்தோம். எத்தனை பேருக்குச் சொல்வது?

பதில்: அட்டையை அல்ல, வீடுகளை எண்ணுங்கள். சில அட்டைக்கு ஒருவர் வருவார், சில அட்டைக்கு ஒரு வான் வரும். கேற்றரிங்காரரிடம் குறைந்தபட்ச எண் ஒன்று, அதற்கு மேல் எத்தனை இலைவரை சமாளிப்பார் என்று இன்னொன்று. ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்குக் காணும், அவர் வாங்கும் அரிசியை வைத்தே அவர் மனதிலுள்ள எண்ணைப் பிடிக்கலாம். காசு இலைக் கணக்கில் என்றால், இலையை எண்ண உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வேண்டும். சாப்பாட்டில் ஆசையில்லாதவராகப் பாருங்கள். முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுகிற மாமா இதற்குச் சரிவரமாட்டார்.

கேள்வி: என் கலியாணத்தில் எனக்குப் பசிக்குமா?
- பொம்பிளை

பதில்: பசிக்கும், ஆனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இரண்டு பேருக்குச் சாப்பாட்டைத் தனியாக எடுத்துவைக்கக் கேற்றரிங்காரரிடம் முதல்நாளே சொல்லுங்கள். ஐயர், மேளக்காரர், சாரதிகள், முகஒப்பனைக்காரி, இவர்களையும் கணக்கில் சேருங்கள். போட்டோக்காரரை மட்டும் முதல் பந்தியிலேயே உட்காரவையுங்கள். அவர் கை சோற்றில் இருக்கிற இருபது நிமிஷந்தான் நீங்கள் வாய் திறந்து வடை கடிக்கலாம்.