விறகுக்கு வந்த வாழ்வு

காய்ந்த குச்சி மூன்றுக்கு 2,400 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்த அன்றுதான் எங்கள் வீட்டுக்கு ஏழரை தொடங்கியது. கடையின் பெயர் வேண்டாம். குளிரூட்டிய கடை, வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நம்மைத் திகைக்க வைக்கும் ரகம். உள்ளே கண்ணாடிக் குடுவையில் மூன்று சுள்ளி, தாம்பாளம் நிறைய நெற்றுகள், சுவரில் மாட்டிய ஒரு வேர். "எல்லாம் நேச்சுரல் சார், காட்டுல இருந்து வந்தது" என்றார் விற்பனைத் தம்பி. என் பாட்டி இதே சாமான்களை வெந்நீர் அடுப்பில் வைத்துத்தான் எனக்குக் குளிக்க ஊற்றினாள். அந்தக் கடை விலைக்குப் பார்த்தால் என் சின்ன வயதுக் குளியல் ஒவ்வொன்றும் 5,000 ரூபாய்க்குக் குறையாது.

"இதுக்கா இவ்வளவு? நானே செஞ்சிருவேன்" என்றேன் மனைவியிடம். மொட்டை மாடித் தோட்டம், மண்புழு உரம், பாதியில் நிற்கும் தேனீப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்ட வாக்கியம் அது. அவள் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் கிடந்த நல்ல மேஜை விரிப்பை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மதுரைக்காரனுக்குக் காடு என்றால் அழகர்மலைதான். ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணிப்பையுடன் கிளம்பினேன். அரை மணி நேரத்தில் சுள்ளி, சருகு, பேர் தெரியாத நான்கு காய் எல்லாம் சேர்ந்துவிட்டன. பழமுதிர்சோலைப் பக்கம் வரும்போது ஒரு குரங்கு வந்து பையைப் பிடுங்கிக்கொண்டது. பாறை மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தது, கடித்தது, என்னைப் பார்த்தது, வீசியது. பை காலியானதும் பையையும் வீசியது. என் கலைக்கு வந்த முதல் விமரிசனம் அது. நேர்மையானது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன்.

சிதறியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வனக் காவலர் வந்தார். "என்ன சார் பண்றீங்க?"

"வீட்டு அலங்காரத்துக்கு…"

"ரிசர்வ் ஃபாரஸ்ட் சார் இது. காஞ்ச குச்சியும் எடுக்கக் கூடாது. வெச்சிட்டுப் போங்க."

தமிழ்நாட்டு வனச் சட்டம் வந்தது 1882-இல். இத்தனை காலம் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு குச்சியையும் எடுத்த இடத்திலேயே வைக்கப் பார்த்தேன். "சும்மா போட்டுட்டுப் போங்க சார், கொலு வைக்கிற மாதிரி வைக்காதீங்க" என்றார் அவர். பதினெட்டாம்படிக் கருப்பு காவல் இருக்கிற மலையில் கைவைத்தவன் இந்த அளவோடு தப்பியதே பெரிது என்று அம்மா விபூதி பூசிவிட்டாள்.

காட்டில் கை வைக்கக் கூடாது என்றானதும் சொந்தக்காரர்கள் மேல் கை வைத்தேன். மனைவியின் ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். கரையில் பிடுங்கிப் போட்டிருந்த ஒரு தூரைப் பார்த்தேன். எட்டுக் கையும் விரித்து ஆடுகிற காளி மாதிரி வேர். எனக்குப் புல்லரித்தது. மச்சினன் ஒரு நிமிடம் யோசித்தான். "மச்சான், இத கரிமூட்டத்துக்குப் போட்டாக் காசு வரும். நீங்க காசு செலவழிச்சு மதுரைக்குக் கொண்டு போறேங்கறீங்க. அக்காகிட்ட கேட்டீங்களா?" கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

வேரில் முள் இருக்காதுதான். ஆனால் நான் அழகுக்காக இரண்டு கிளையையும் விட்டு வைத்திருந்தேன். பேருந்தில் என்னைச் சுற்றி மூன்று இருக்கை காலியாக இருந்தது. நடத்துநர் எட்ட நின்றபடியே, "சார், இது அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றார். லக்கேஜ் போட்டு வீடு சேர்ந்தபோது என் சட்டையில் கிழியாத பாகம் காலர் மட்டும். உப்புத்தாள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கருவேலம் இரும்பு, மூன்று ஞாயிற்றுக்கிழமை தேய்த்ததில் தேய்ந்தது என் கைரேகை. திங்கட்கிழமை அலுவலகத்து வருகைப்பதிவு எந்திரம் என்னை யாரென்றே தெரியாது என்றது.

சில ஆண்டுகளுக்கு முன் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அப்புறப்படுத்தச் சொன்ன மரம் இது. ஊரே அதை வெளியே தள்ளப் பாடுபட்டபோது, மதுரையில் ஒரே ஒருவன் அதற்கு ஹாலில் இடம் கொடுத்து, மேலே விளக்குப் போட வயரிங் ஆளையும் வரவழைத்தான்.

இடையில் இன்னொரு ஆசையும் வந்தது. உண்ணிச்செடி தெரியும் இல்லையா, வேலியோரம் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்குமே. வெள்ளைக்காரர்கள் தோட்ட அழகுக்குக் கொண்டுவந்தது. இன்று முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் விலங்குகளை மேய விடாமல் மூடிக்கிடக்கிறது. கூடலூர்ப் பக்கத்துப் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிக் கலைஞர்கள் அதே குச்சியை வேகவைத்து, தோல் உரித்து, வளைத்து, அசல் உயரத்தில் யானைகளே செய்கிறார்கள். 2021-இல் அந்த யானைகள் லண்டன் பூங்காவில் நின்றன. 2024-இல் அமெரிக்கா சுற்றப் போயின. நான் யானை கேட்கவில்லை. ஒரு முக்காலி, அவ்வளவுதான். வேகவைப்பதற்கு மனைவியின் பிரியாணி அண்டாவை அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் எடுத்தேன். உண்ணிச்செடி வேகும்போது வருகிற வாசனை இருக்கிறதே, மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். முக்காலி முடிந்தபோது தரையைத் தொட்டது இரண்டு கால். அண்டாவை இன்றைக்கும் என் பேர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள்.

மே மாதம் கொடைக்கானல் போனோம். நண்பர் ஒருவரின் விடுதி வளாகத்தில் பைன் மரக் காய்கள் கொட்டிக் கிடந்தன. தினமும் கூட்டி அள்ளிச் சலித்துப்போயிருந்த மனிதர், "சாக்கு வேணுமா?" என்றார் கண்ணீர் மல்காத குறையாக. அறுபது காய் கொண்டுவந்தேன். மதுரை வெயிலில் ஒவ்வொன்றும் தாமரை மாதிரி விரிந்தது. கோத்து நிலைவாசலுக்கு மேலே சரமாகக் கட்டினேன். வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவி, "பரவாயில்ல" என்றாள். அந்தச் சொல்லை நான் சட்டம் போட்டு மாட்டாததுதான் பாக்கி.

அப்போதுதான் மகள் கணக்கெடுத்தாள். "அப்பா, நம்ம மண்ணோட இயற்கைன்னு சொல்றியே, சீமைக்கருவேலம் அமெரிக்கா. உண்ணிச்செடி அமெரிக்கா. கொடைக்கானல் பைன்ல முக்கால்வாசி மெக்ஸிகோ ஜாதி. குடுவையில வெச்சிருக்க தைலமரக் கொப்பு ஆஸ்திரேலியா." பேரிலேயே சீமை என்று எச்சரிக்கை இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. இந்தக் கூடத்தில் உள்ளூர்க்காரன் நான் ஒருவன்தான். எனக்குத்தான் உட்கார இடமில்லை.

சரி, சுதேசிக்கு மாறுவோம் என்று முடிவெடுத்தேன். சித்தப்பா தோப்பிலிருந்து பச்சை மூங்கில் வெட்டிவந்து சுவரை ஒட்டித் தடுப்பு கட்டினேன். வாகை நெற்று இரண்டு கொத்து ஜன்னலில். இலவங்காய் பத்துப் பன்னிரண்டு, பித்தளைச் செம்பில் காம்போடு. குண்டுமணி ஒரு படி. சீமைச் சரக்கு சட்டையைத்தான் கிழித்தது. உள்ளூர்ச் சரக்கு குடும்பத்தையே பார்த்துக்கொண்டது.

இலவங்காயில் ஆரம்பிக்கிறேன், அதுதான் முதலில் வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்ல வெயில், மின்விசிறி ஐந்தில் ஓடுகிறது, நான் தூங்குகிறேன். கண் விழித்தபோது கூடம் முழுக்க மேகம். கறிவேப்பிலை தாளிப்பில் பஞ்சு, சாமி படத்தில் பஞ்சு, அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் பஞ்சு. அம்மா தும்மத் தும்ம இன்னும் பறந்தது. இலவு காத்த கிளியை ஊரெல்லாம் பரிதாபமாகப் பேசுகிறது. அது ஏமாந்ததோடு பறந்து போய்விட்டது. விளக்குமாறு எடுக்கும் வேலை அதற்கு இல்லை.

வாகை நெற்று காற்றடித்தால் ஒலிக்கும். குறுந்தொகையிலேயே பெரும்பதுமனார் அந்த ஓசையைக் கயிற்றில் ஆடுகிறவர்களின் பறைக்கு ஒப்பிட்டிருக்கிறார். அவர் அதைக் கேட்க வைத்தது ஆளில்லாப் பாலை வழியில். நான் மாட்டியது படுக்கையறை ஜன்னலில். இரவு முழுக்கச் சலசலசலவென்று. விடியற்காலை மூன்று மணிக்கு, சும்மா இருந்திருக்கலாம், என் பொது அறிவைக் காட்டினேன்: "இதுக்கு இங்கிலீஷ்ல பொம்பளைங்க நாக்குன்னு பேரு தெரியுமா?" அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில் வாகை மட்டும்தான் பேசியது.

மூங்கில் ஓசையே இல்லாமல் வேலை செய்தது. ஆவணியில் ஒரு நாள் காலை தடுப்பின் அடியில் வெள்ளையாகச் சின்னக் குவியல். கோலமாவு சிந்திவிட்டது என்று மனைவி கூட்டினாள். மறுநாளும் அதே இடம், அதே குவியல். ஆசாரி வந்து மூங்கிலைச் சுண்டிப் பார்த்தார். ஊசி முனை அளவில் நூறு துளை. "உளுத்துப்போச்சுங்க. பச்சை மூங்கில்ல மாவுச்சத்து இருக்கும், வண்டுக்கு அது விருந்து. வெட்டினதும் குளத்துல மாசக்கணக்கா ஊறப் போட்டுச் சத்தக் கரைய விடணும். நீங்க சோத்தப் போட்டு வெச்சிருக்கீங்க." வண்டுக்கு வாடகையும் வாங்காமல் சாப்பாடும் போட்டவன் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரவில் காதை வைத்துக் கேட்டால் கறுக் கறுக்கென்று சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது. தூக்கம் போனது.

குண்டுமணிக் கதை சின்னது. ஊசியைக் காய்ச்சித் துளை போட்டுத் திரைச்சீலையாகக் கோக்க உட்கார்ந்தேன். மூன்றாவது மணியில் அம்மா பார்த்துவிட்டாள். பிள்ளையாருக்குக் கண் வைக்கவும் பத்தர் தராசில் பொன் நிறுக்கவும் புழங்கிய அதே மணிதான். முழுசாக இருக்கும்வரை சாது. ஓட்டைத் துளைத்தால் உள்ளே கடும் விஷம். "பேரன் பேத்தி வந்து போற வீட்டுல என்னடா செய்யற?" என்று படியோடு தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினாள். குப்பையில் கிடந்தாலும் குண்டுமணி நிறம் மாறாது என்பது சரிதான். போய்ப் பார்த்தேன், மாறவில்லை.

ஐப்பசி அடைமழையில் இன்னொரு அடி. காலையில் வாசலைப் பார்த்தால் அறுபது தாமரையும் மொட்டாகிக் கிடக்கின்றன. மூடிக்கொண்டு, சுருங்கி, வௌவால் கூட்டம் தொங்குகிற மாதிரி. தீபாவளிக்கு வந்த அக்கா வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தார், வேரைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார். "ஏன் மாப்ள, கேஸு கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு அதிரசத்துக்குக் கை நீட்டினார்.

பைன் காய் செத்த பிறகும் வேலை செய்கிற பொருள் என்பதைப் பிறகு படித்தேன். செதிலில் இரண்டு அடுக்கு. ஈரம் பட்டால் வெளியடுக்கு உப்பி, செதிலை உள்ளே வளைத்து மூடும். காய்ந்தால் விரியும். மழையில் விதை உதிர்ந்தால் வீண், காய்ந்த காற்றில் பறந்தால்தான் தூரம் போகும் என்பதற்காக மரம் செய்த ஏற்பாடு. இதை அக்கா வீட்டுக்காரரிடம் விளக்கியிருக்கலாம். அவர் இரண்டாவது அதிரசத்தில் இருந்தார்.

போகியன்று காலை அம்மா கூடத்தின் நடுவில் நின்றாள். கையில் காப்புக்கட்டு: வேப்பிலை, ஆவாரம்பூ, பீளைப்பூ. "நாங்களும்தான்டா காட்டுமேட்டுல இருந்து கொண்டாந்தோம். வாசல்ல சொருகுவோம். வாடுனா எடுத்துப் போடுவோம். நீ என்னடான்னா குடித்தனம் வெச்சிட்ட." எனக்குப் பதில் கிடைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய மாவிலைத் தோரணத்தைக்கூட நாலாவது நாள் கழற்றிப் போடுகிற வீடு இது. வண்டுக்கு ஐந்து மாதம் நான் கொடுத்த மரியாதை எந்த விருந்தாளிக்கும் கிடைத்ததில்லை.

மூங்கில் அன்றே போனது. முக்காலியைக் கொண்டுபோக வந்த துப்புரவுப் பணியாளர் அது என்ன என்று கேட்டார், சொல்லவில்லை. வேர் மறுநாள் போனது, நல்ல விதமாக. வாசலில் மூன்று கல் வைத்துப் பொங்கல் பானை ஏற்றியபோது விறகு போதவில்லை. வார்னிஷ் வாங்கி வைத்திருந்தேனே தவிர அடிக்கவில்லை. வாழ்நாளில் என் சோம்பல் குடும்பத்துக்கு உதவியது அன்றுதான். ஆசாரி மகன் வந்து பிளந்து கொடுத்தான். கருவேலம் நின்று எரிந்தது. பானை கிழக்கே பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்" என்று எல்லாரும் கத்தினார்கள். எட்டுக் கைக் காளிக்காக நான் ஒருவன் கொஞ்சம் மெதுவாகக் கத்தினேன்.

அறுபது பைன் காயில் ஐம்பத்தொன்பதைத் தெருப்பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் மனைவி சமையலறை ஜன்னல் கம்பியில் நூலில் கட்டி வைத்திருக்கிறாள். கூழ் காய்ச்சுமுன் அதை ஒரு பார்வை பார்ப்பாள். மூடியிருந்தால் அன்றைக்கு வற்றல் போடுவதில்லை. தொலைக்காட்சி வானிலை அறிக்கையை அவள் நம்பி நான் பார்த்ததில்லை, இதை நம்புகிறாள்.

இப்போது சித்திரை. இன்று காலை காய் நன்றாக விரிந்திருக்கிறது. மாடியில் பழம்புடவை விரித்து நாலு படி அரிசி வற்றல் பிழிந்தாகிவிட்டது. குடையும் கம்புமாகக் காக்கா விரட்ட உட்கார்ந்திருப்பது நான்.