காதுல பூட்டு, கையில கம்பு

வாடே பேராண்டி, இந்தத் திண்ணையில உக்காரு. கெண்டைக்கால் இன்னும் காந்துதோ? காந்தட்டும். ஒரு செம்பு தண்ணியைக் குடிச்சிட்டுத் தாத்தா சொல்லுததைக் கேளு. மொதல்ல காதுல மொளைச்சிருக்க அந்த ரெண்டு வெள்ளைப் பல்லையும் பிடுங்கிக் கீழ வை.

காதுல பூ சுத்துதவனை நெறையப் பாத்திருக்கேன். காதைப் பூட்டிக்கிட்டுக் கம்பு சுத்துதவனை எழுபத்தெட்டு வயசுல இப்பத்தான் பாக்கேன். நேத்து சாயங்காலம் களத்துமேட்டுல நீ நின்ன கோலம் இருக்கே, அடடா! கம்பு கெழக்க போகுது, காலு மேக்க போகுது, தலை மட்டும் பொண்ணு பாக்க வந்த இடத்துல சம்மதம் சொல்லுதவன் கணக்கா ஆடிக்கிட்டே இருக்கு. நான் முருங்கைமரத்துப் பக்கமா வந்தேன். இருமுனேன், செருமுனேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மரத்துல இருந்த காக்காகூடத் திரும்பிப் பாத்துச்சு. நீ பாக்கலை. அதுக்கப்புறம்தான் ஊன்றுகோலால கெண்டைக்கால்ல ஒண்ணு வச்சேன். அதுவும் தட்டுனதுதான். தாத்தா அடிச்சாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத.

வலியோட வலியா நீ என்ன கேட்ட? “பாட்டுக் கேட்டா வேகம் வரும் தாத்தா, உங்களுக்கு என்ன தெரியும்?”

நியாயமான கேள்வி. பெருசா ஒண்ணும் தெரியாது. சிலம்பம்ங்குற பேரு எங்கருந்து வந்துதுன்னு மட்டும் தெரியும். சிலம்புததுன்னா ஒலிக்கிறதுன்னு அர்த்தம். கம்பு காத்தைக் கிழிக்குத சத்தம், கம்பும் கம்பும் முட்டுத சத்தம், அதுல இருந்துதான் இந்தப் பேரு வந்துதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. பேருலயே சத்தத்தை வச்சிருக்க வித்தையை என் பேரன் காதை அடைச்சிக்கிட்டுப் படிக்கான். மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாழம்பூ வாங்கப் போனானாம் ஒருத்தன். அவன் உனக்கு ஒண்ணுவிட்ட அண்ணனா இருக்கணும்.

அந்தக் கம்பை இங்க எடு. உன் நெத்தி உசரம் இருக்கு, சரி. எண்ணெய் தடவிப் பக்குவமா வச்சிருக்க, அதுவும் சரி. நடுவுல கட்டைவிரலை வச்சித் தடவிப் பாரு. மயிரிழை மாதிரி ஒரு கீறல் தட்டுதா? நல்ல மூங்கில் மோதுனா ‘டங்’குன்னு பேசும். விரிசல் விட்டது ‘டப்’புனு முனகும். நாலு நாளா அது முனகிக்கிட்டுதான் கெடக்கு. தெருவுல போற எனக்குக் கேக்கு, கையில வச்சிருக்க உனக்குக் கேக்கலை. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா சிலாம்பு கன்னத்துல ஏறியிருக்கும். அப்புறம் பாட்டையும் ஆசுபத்திரியில படுத்துக்கிட்டுதான் கேட்டிருப்ப.

வீச்சும் அப்படித்தான். மணிக்கட்டு ஒழுங்காத் திரும்புனா ‘விர்ர்ர்’னு ஒரே இழுப்பா வரும். பிடி நழுவுனா ‘விர்… விக்… விர்’னு விக்கல் எடுக்கும். ஆசான் கூட இல்லாத நேரத்துல தப்பைக் காட்டிக்குடுக்குத ஆசான் அந்தச் சத்தம்தான். அவரு வாயையும் அடைச்சிப்போட்ட. மெச்சணும் உன்னை.

எம்.ஜி.ஆர் படத்துல கம்புச் சண்டைக்குப் பின்னால மியூசிக் வரலையான்னு ஒரு போடு போட்டியே! வந்துதுடே. அவரு சண்டையை முடிச்சி, படத்தை வெட்டி ஒட்டுனதுக்கு அப்புறம்லா அந்த மியூசிக்கைச் சேத்தாங்க! சூட்டிங்ல அவரு காதுல விழுந்தது எதிராளி கம்புச் சத்தமும், டைரக்டர் ‘கட்’னு சொன்னதும்தான்.

அதுக்கப்புறம் போனைத் திறந்து தாய்லாந்துச் சண்டையைக் காட்டுன. முவாய் தாய்! நம்ம நாயனத்துக்குத் தம்பி மாதிரி ஒரு குழல், ரெண்டு மத்தளம், ஒரு கைத்தாளம். குருவுக்கு வணக்கம் போட்டு ஆடும்போது வாசிப்பு மெதுவாப் போகுது. மூணு மூணு நிமிசமா 5 சுத்து, சுத்து ஏற ஏற வாசிப்பும் ஏறுது. நல்லாத்தான் இருந்துது. ஆனா நீ சண்டைக்காரனைப் பாத்த, நான் குழல்காரனைப் பாத்தேன். அவன் கண்ணு எங்க இருந்துதுன்னு கவனிச்சியா? மேடையில. முழங்கால் இடி ஒண்ணு விழுந்ததும் மத்தளமும் சேந்து துள்ளுது.

பிரேசில் நாட்டுக் கப்போய்ரான்னு இன்னொண்ணு காட்டுன. ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையாப் பிடிச்சிட்டுப் போன சனங்க வளத்த வித்தை, யுனெஸ்கோ 2014-ல பட்டியல்ல சேத்திருக்குன்னு வாசிச்ச. அதுக்கு வாசிக்குத பெரிம்பாவைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துது. வளைச்ச கம்பு, ஒரு கம்பி, அடியில சுரைக்குடுக்கை, தட்டுததுக்கு ஒரு குச்சி. சுடலைமாடன் கொடையில வில்லைக் குடத்து மேல வச்சி வீசுகோலால தட்டுததைப் பாத்து வளந்தவனுக்கு அது என்ன புதுசா? அவன் மெதுவாத் தட்டுனா ஆட்டம் தரையோட தவழுது, வெரசாத் தட்டுனா காலு பறக்குது.

நம்ம கொடையிலயும் அதே கதைதான். நான் எளவட்டமா இருக்கும்போது நையாண்டி மேளத்துத் தவில்காரரு என் காலடியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாரு. எனக்கு மூச்சு வாங்குனா கைப்பிடியைத் தளத்துவாரு. எதிராளி பின்வாங்குனா என்னைத் தூக்கிவிடுவாரு. ஒருதரம் எனக்கு வேட்டி அவுந்துது. அதுக்கும் ஒரு தீர்மானம் வச்சாரு, பாவி மனுசன்!

உன் போன்ல பாடுதவனுக்கு உன் வேட்டி அவுந்தது தெரியுமாடே? நீ விழுந்தாலும் பாடுதான், எழுந்தாலும் பாடுதான். மேளம் ஆளைப் பாத்து வாசிக்கும். உன் பாட்டு உன்னைப் பாக்காது, நீதான் அதுக்குப் பின்னால ஓடணும். எதிராளி அந்தப் பாட்டைக் கேக்கலை பாரு, அவன் உன் தாளத்துக்கு அடிக்க மாட்டான். தாளம் தப்பித்தான் அடிப்பான்.

கேரளத்துக் களரியில குருக்கள் வாய்த்தாரி சொல்லுவாரு. எந்தக் கால், எந்தக் கை, எவ்வளவு தணியணும்னு வாயாலயே சொல்லச் சொல்ல, சீடன் ஒடம்பு அப்படியே போகும். அங்க போயி உன் வெள்ளைப் பல்லை மாட்டிக்கிட்டு நின்னேன்னு வச்சிக்கோ, எல்லாரும் தணியும்போது நீ மட்டும் பனமரம் மாதிரி நிப்ப.

தாத்தா முழு முரடன்னு நினைக்காத. லண்டன்ல புரூனெல் பல்கலைக்கழகத்துல கராஜியார்கிஸ்னு ஒரு பேராசிரியரு பல வருசமா இதையே ஆராய்ச்சி பண்ணதா நீதானே வாசிச்சுக் காட்டுன? மிதமா ஒடம்பை வருத்தும்போது பாட்டு இருந்தா களைப்பு ஒரு 10 சதவீதம் கம்மியாத் தெரியுமாம். ரொம்ப வருத்துனா ஒடம்பு போடுத கூப்பாடு பாட்டை அமுக்கிருமாம். நான் ஒத்துக்கிடுதேன். நாத்து நடுத பொம்பளைங்க பாடுனது எதுக்கு, இடுப்பு வலியை ஏமாத்தத்தானே? தண்டால் எடு, பஸ்கி போடு, கயிறு தாண்டு, அப்ப நல்லாக் கேளு. எனக்கும் ஒரு காதுல மாட்டிவிடு, தொழுவம் கூட்டுததுக்கு ஆகும். ரோட்டுல ஓடும்போது மட்டும் வேண்டாம். பஸ்ஸுக்குப் பாட்டும் தெரியாது, பல்லவியும் தெரியாது. கம்பைக் கையில எடுத்துட்டா, எதுத்தாப்புல ஆள் வந்துட்டா, காதைத் திறந்து வை. 2024-ல கேலோ இந்தியா விளையாட்டுல சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாச் சேத்தாங்கன்னு குதிச்சியே, அங்க போயி நிக்க ஆசை இருந்தா இதையும் மனசுல போடு.

போ. போயி அந்தக் கம்பை முறிச்சி அடுப்புல வச்சிட்டு வேற ஒண்ணு எடு.

இதெல்லாம் சொல்லி நாலு நாள் ஆச்சு. நேத்து சாயங்காலம் பய களத்துமேட்டுல கம்பு சுத்திக்கிட்டு நின்னான். காதுல ஒண்ணுமில்லை. நம்பலாமா? அதே முருங்கைமரத்துப் பக்கமா, செருப்பைக் கழட்டி வச்சிட்டு, இருமலை முழுங்கிக்கிட்டுப் போனேன். ஊன்றுகோலைத் தூக்குனேன் பாருங்க, திரும்பாமலே பின்னால ஒரு வீச்சு! என் கோலு மேல ‘டங்’குன்னு வந்து நின்னுது கம்பு.

“எப்படிடே தெரிஞ்சிது?”ன்னு கேட்டேன்.

“உங்க முழங்கால்தான் தாத்தா. ரெண்டு எட்டுக்கு ஒருக்காச் சொடக்கு விடுது.”

அதான் இன்னைக்குக் காலையில இருந்து, அவன் கம்புக்குத் தடவ வச்சிருந்த எண்ணெயை எடுத்து என் முழங்காலுக்குத் தேச்சிக்கிட்டு இருக்கேன்.