மூன்றாம் தரம்: ஊவாத் தோட்டங்களில் கைபேசிவழி எலுமிச்சம்பழ ஏலம் குறித்த முன்னோட்ட ஆய்வுக்கு ஒரு முன்னுரை

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா முடிகிற இரவு, அம்மனின் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஒருவருக்கும் புரியாதபடி எழுதுவதே ஆய்வு என்பதால், இக்கட்டுரையின் தேவை சொல்லாமலே விளங்கும். முன்பெல்லாம் கோயில் முற்றத்தில் நின்றுதான் பழம் கேட்டார்கள். இப்போது கொழும்பில் கடையில் நிற்கும் தம்பியும், கத்தாரில் வண்டி ஓட்டும் மச்சானும் வட்ஸ்அப் வீடியோவில் வந்து கேட்கிறார்கள். பழம் இணையமயமாகிவிட்டது, ஆய்வுலகம் மட்டும் தூங்குகிறது.

ஆய்வின் எல்லை

மேற்கே அப்புத்தளை, கிழக்கே மடூல்சீமை, தெற்கே பூனாகலை. வடக்கே எதுவரை என்று சொல்லிக்கொண்டிருந்த தகவலாளிக்குப் பாதியில் சிக்னல் போய்விட்டது. அந்தத் திசை அடுத்த ஆய்வாளருக்கு விடப்படுகிறது.

முன்னாய்வுகள்

ஏலத்தில் எப்போது வாய் திறக்க வேண்டும் என்பதுபற்றி வெள்ளைக்காரர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓரங்குல மெழுகுவர்த்தியைக் கொளுத்திவைத்து ஏலம் விடுவார்கள். சுடர் அணையுமுன் கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள். கிழக்கிந்தியக் கம்பனி தேயிலையையும் இப்படித்தான் விற்றது. 1662 செப்டெம்பரில் கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ் தமது நாட்குறிப்பில் ஒரு கப்பல் ஏலத்தைப்பற்றி எழுதுகிறார். அங்கே ஒரு கெட்டிக்காரர் மட்டும் தவறாமல் கடைசிக் குரலாகக் கேட்டாராம். எப்படி என்று விசாரித்தால், சுடர் அணையப்போகும்போது புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்பேன் என்றாராம்.

340 வருடம் கழித்து, 2002இல், ஆல்வின் ரொத், அக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் இணைய ஏலத்தில் இதே வித்தையை ஆராய்ந்தார்கள். குறித்த நேரத்தில் கதவைச் சாத்திவிடும் இ-பேயில் ஆட்கள் கடைசி நொடிவரை பதுங்கியிருந்து பாய்கிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரத்தை நீட்டிக்கொடுத்த அமேசான் ஏலத்தில் அந்தப் பதுங்கல் குறைவு. ரொத்துக்குப் பிற்காலத்தில் வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசு கிடைத்தது. புகையைப் பார்த்தவரின் பெயரைக்கூட பீப்ஸ் எழுதிவைக்கவில்லை.

நம் நாட்டில் கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் தொடங்கியது. கூவிக் கூவியே நடந்துவந்த அந்த ஏலம் 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கில், கணினித் திரைக்குப் போய்விட்டது. 136 வருடம் கத்தியவர்கள் சில வாரத்தில் வாயை மூடிக்கொண்டு விசையைத் தட்டப் பழகினார்கள். தோட்டத்துக் கோயிலில் இன்னும் வாயால்தான் கேட்கிறோம். எது முன்னேற்றம் என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

கோட்பாட்டு அடிப்படை

மேலே சொன்னவர்கள் எல்லாம் மேல்நாட்டார். தமிழில் ஆய்வு என்றால் பழைய நூற்பா ஒன்று இல்லாமல் பேராசிரியர்கள் பக்கத்தைத் திருப்பமாட்டார்கள். தேடினேன், அகப்படவில்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை பின்னேரம் நானே ஒன்றை எழுதி, பழைய தேயிலைப் பெட்டியின் மூடியில் ஈயத்தாளுக்கு அடியில் செருகிவைத்து, திங்கட்கிழமை கண்டெடுத்தேன். எழுதிவைத்துவிட்டுக் கண்டெடுக்கும் முறை நம் ஆய்வுலகுக்குப் புதிதல்ல. அதை வெளியே சொல்வதுதான் புதிது.

கேட்டவன் கெடான், கேளா திருந்தோன்
வாட்டம் உறுமே மூன்றாந் தரத்தே.

(பெட்டிமூடி நூற்பா 1. இனி: பெ.நூ. இரண்டாம் நூற்பா இன்னும் கண்டெடுக்கப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை ஓய்வு கிடைத்தால் கிடைக்கும்.)

கேட்போர் வகை

தேயிலையை விளையும் உயரத்தால் பிரிப்பது வழக்கம். 2,000 அடிக்குக் கீழே தாழ்நிலம், 4,000 வரை மத்திம நிலம், அதற்கு மேல் உயர்நிலம். ஏலம் கேட்போரையும் அப்படியே பிரித்தேன். ஏன் என்று கேட்கக்கூடாது. அட்டவணை இருந்தால் போதும்.

தாழ்நிலத்தார் (வெல்லவாய): சிக்னல் நன்றாக இருக்கும். அழைப்பை எடுக்கமாட்டார்கள்.

மத்திம நிலத்தார் (பதுளை நகரம்): கேட்கமாட்டார்கள். கேட்பவர் எவ்வளவு முட்டாள் என்று பக்கத்தில் நிற்பவருக்கு விளக்குவார்கள்.

உயர்நிலத்தார் (அப்புத்தளை): காசும் இல்லை, சிக்னலும் இல்லை. இவர்கள்தான் கேட்கிறார்கள்.

ஏலச்சீட்டுக்காரர்: இவர்கள் ஏற்றிக் கேட்காமல் தள்ளிக் கேட்பவர்கள். ஆய்வாளரும் ஒரு சீட்டில் இருப்பதால் மேலே எதுவும் சொல்வதற்கில்லை.

மச்சான் கேள்வி: பொருளாளரின் மச்சான் கூட்டத்தின் நடுவே நின்று விலையை ஏற்றிவிடுவார். இணைய ஏலங்களில் இது குற்றம், கணக்கை முடக்கிவிடுவார்கள். கோயிலில் இது திருப்பணி. ஒரேயொரு ஆபத்து, மற்றவர்கள் திடீரென்று ஓய்ந்துபோனால் பழம் மச்சான் தலையிலேயே விழும். அப்படி விழுந்த பழம் மறுவருடம் வேறு ஆளுக்கு அதே விலையில் கைமாறியதாக ஒரு கேள்வி. உறுதிப்படுத்த யாரும் முன்வரவில்லை.

கடல் கடந்தோர்: இவர்கள் தனி இயலுக்கு உரியவர்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வரண்ட கச்சான் காற்று வீசுகிறது. அதில் தேயிலைச்செடி வாடுகிறது. அந்த வாட்டத்தில்தான் கொழுந்துக்கு ஊவாவுக்கே உரிய அந்த மணம் ஏறுகிறது. அதை வாங்க உலகம் காத்திருக்கிறது. அதே காற்றடிக்கும் இரவில் கத்தார் மச்சானின் முகம் திரையில் உறைந்து நின்றுவிடுகிறது. வாய் திறந்தபடி உறைந்தால் அது கேள்வியா, இல்லையா? வாய் திறந்திருந்தால் கேள்வியே என்பது பசறை உரை (பெ.நூ. 1, விருத்தியுரை). கொட்டாவிக்கும் வாய் திறக்குமே என்பது லுணுகலை உரை. அது கொட்டாவிதான், ஆனால் அங்கே அப்போது இரவு எட்டு மணிகூட இல்லையே என்பது லுணுகலை உரைக்கு எழுந்த மறுப்புக்கு ஆலி-எலை பஸ்ஸில் வழங்கிய வாய்மொழி விளக்கம் (பெ.நூ. 1, மறுப்பின் மறுப்பு, அச்சேறாதது, எழுதவும்படாதது, மூன்று உரைகாரர்களும் நானே). உரைகாரர்கள் மூவரும் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டுவதால் இதன் ஆய்வுத்தரம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

தரப் பின்னம்

இனி இவ்வாய்வின் உயிர்நிலை. ஏலம் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடியும் என்பது பாமரர் நம்பிக்கை. அருகிலிருந்து கவனித்தால், மைக் பிடித்தவர் மூன்றுக்குப் போவதே இல்லை. "ரெண்டு தரம்" என்பார். கூட்டத்தைப் பார்ப்பார். "ரெண்டே கால் தரம்." யாரும் அசையவில்லை. "ரெண்டரைத் தரம். அம்மன் பழம், வீட்டுக்கு விளக்கு." ஒருவர் நூறு ஏற்றினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஏற்றாவிட்டால் "ரெண்டே முக்கால்". பிறகு "ரெண்டே முக்காலே மூணு வீசம்".

இங்கேதான் நம் முன்னோரின் கணிதம் கைகொடுக்கிறது. வீசம் என்பது பதினாறில் ஒன்று. ஆக முக்காலே மூணு வீசம் போனபின்னும் மூன்றை எட்ட ஒரு வீசம் குறைகிறது. வீசத்துக்குக் கீழே 320இல் ஒன்றாகிய முந்திரி இருக்கிறது. முந்திரியிலும் 320இல் ஒன்று கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒன்று. வாய் வலிக்காத ஒரு மைக்காரர் கீழ்முந்திரி கீழ்முந்திரியாக முன்னேறினால் அடுத்த திருவிழாக் கொடியேற்றமே வந்துவிடும். அக்கிலீஸ் ஆமையைப் பிடிக்கவே முடியாது என்று நிறுவிய கிரேக்கத்துச் சீனோ இதைக் கேட்டிருந்தால் ஆமையை விட்டுவிட்டு எலுமிச்சைக்கு வந்திருப்பார். அமேசான் பத்து நிமிடம் நீட்டியதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாக எழுதியவர்கள் எங்கள் கோயில் வாசலில் ஒரு மணிநேரம் நின்றிருக்கலாம். (தோட்டங்களை ஆராய வருபவர்கள் பொதுவாக மூன்று நாள் விடுதியில் தங்கி முந்நூறு பக்கம் எழுதுகிறார்கள். ஒரு நாளைக்கு நூறு பக்கம். அதில் கோயிலுக்கு நேரம் இல்லை.)

அப்படியானால் ஏலம் எப்படித்தான் முடிகிறது? அதற்கு மைக்கைப் பார்க்கக்கூடாது, அடுப்பைப் பார்க்க வேண்டும். அன்னதானச் சோற்றுக் கிடாரத்தை இறக்க அடியில் இருக்கும் விறகை இழுக்கும்போது புகை குபீரென்று ஒருபக்கம் சாயும். சோறு இறங்கிவிட்டால் கூட்டம் நிற்காது என்பது மைக்காரருக்குத் தெரியும். அந்தக் கணத்தில் எத்தனை வீசம் மிச்சமிருந்தாலும் ஒரே தாவலில் "மூணு தரம்!" விழும். கைதேர்ந்தவர் அம்மனுக்கு முதுகைக் காட்டி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, புகை சாய்ந்ததும் கேட்பார். லண்டனில் மெழுகுவர்த்திப் புகை, ஊவாவில் விறகுப் புகை. பீப்ஸ் குறித்துவைத்த உண்மை இங்கே பல பேர் வயிற்றுக்கும் சேர்த்துப் பொருந்துகிறது.

கைபேசிவழி கேட்பவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பதும் இத்துடன் தெளிவாகிறது. கைபேசியைப் பிடித்திருக்கும் மருமகன் கமெராவை மைக்காரர் பக்கம் திருப்பிவைக்கிறான். கொஞ்ச நேரத்தில் அது கோலாட்டக்காரப் பிள்ளைகள் பக்கம் தானாகத் திரும்பிவிடுகிறது. அடுப்பை யாரும் காட்டுவதில்லை. கடல் கடந்து கேட்க விரும்புவோர் அடுப்படியில் இரண்டாவது கைபேசி ஒன்றை நிறுத்திவைக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் ஒரே பயனுள்ள பரிந்துரை.

பாடபேதம்

நூற்பாவின் முதலடியில் "கெடான்" என்ற இடத்தில் மை சிந்தியிருக்கிறது. சிந்தியது என் தேநீர். "கெட்டான்" என்றும் வாசிக்கலாம். 1971இல் கேப்பன், கிளாப், கேம்பல் என்ற மூன்று எண்ணெய்க் கம்பனிப் பொறியியலாளர்கள் இரண்டாவது பாடத்தையே ஆதரித்தார்கள். எண்ணெய் எவ்வளவு இருக்கும் என்று எல்லோரும் ஊகித்துக் கேட்கும்போது, மிக அதிகமாக ஊகித்துத் தவறியவர்தான் வெல்கிறார்; ஆகவே வெற்றியே நட்டம் என்பது அவர்கள் கட்சி. கி.பி. 193இல் ரோமாபுரிக் காவல்படையினர் சாம்ராச்சியத்தையே ஏலம் விட்டபோது அதை எடுத்த டிடியஸ் ஜூலியானஸ் 66 நாளில் கொல்லப்பட்டார். கெட்டான்.

ஆனால் விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூருக்கு அருகே ஒட்டனந்தல் முருகன் கோயிலில் 2024 பங்குனி உத்திரத்தில் வேலில் குத்திய ஒன்பது எலுமிச்சம்பழங்கள் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போயின. குழந்தை வேண்டுவோர் கேட்டார்கள். 1998 ஜூன் 29இல் லண்டன் தேயிலை ஏலம் என்றென்றைக்குமாக மூடப்பட்டபோது, கடைசிப் பெட்டியான இலங்கை எல்பொடைத் தேயிலை கிலோ 555 பவுணுக்குப் போனது. பணம் தர்மத்துக்கு. இந்த வாங்குவோர் எவரும் விலையைத் தப்பாக ஊகிக்கவில்லை. எலுமிச்சம்பழம் சந்தையில் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். 2024இல் 13,500 ரூபாய்க்குப் பழம் எடுத்த தோட்டத்து ஆள், அந்த வருடம் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பத்துநாள் பேரை, அதாவது பத்துநாள் வேலையை, அம்மனுக்குக் கொடுத்தார்; மைக்கில் தன் பெயரைத் தகப்பன் பெயரோடு மூன்று தடவை கேட்டார். கெடான். வீட்டுக்குப் போனபின் நடப்பது வேறு துறை.

இணைப்பு

இதைக் கட்டுரையில் எங்கே செருகுவது என்று தெரியவில்லை. இணைப்பு என்பது அதற்காகத்தானே இருக்கிறது. தேயிலை ஏல விலைக்கும் தொழிலாளர் சம்பளத்துக்கும் ஒரு தொடர்பு இருக்க வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தங்களில் விலைப்பங்குக் கொடுப்பனவு என்று ஒரு வரி வைத்திருந்தார்கள். 2009 ஒப்பந்தத்தில் அது நாளுக்கு 30 ரூபாய். 2011இல் 30. 2013இல் 30. 2016இல் 30. 2019இல் 50. கொழும்பில் வாரந்தோறும் விலை ஏறி இறங்கியதை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. பறித்த கைக்கு வந்த பங்கு ஒன்பது வருடத்துக்கு மேல் ஆடவில்லை, அசையவில்லை. இந்த ஏலத்தில் மட்டும் மூன்றாம் தரம் முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது. எண்ணெய்க் கிணற்றுக்கும் ரோமாபுரிக்கும் கோட்பாடு கண்டவர்கள் இதற்கும் ஒன்று கண்டுபிடித்தால், நூற்பா எழுதித்தரத் தயாராக இருக்கிறேன்.

வேண்டுகோள்

கோயில் கமிட்டியின் கோரிக்கைப்படி வெளியிடப்படுகிறது: போன வருடம் எலுமிச்சம்பழம், தேங்காய், சேவல், மாலை ஆகியவற்றை வீடியோவில் கேட்டு எடுத்தவர்கள் பாக்கியை அடுத்த கொடியேற்றத்துக்குள் பொருளாளரிடம் கட்டிவிடவும். அப்போது சிக்னல் இல்லை, நான் கேட்கவே இல்லை என்று சொல்பவர்களின் திறந்த வாய் படத்தோடு பதிவாகியிருக்கிறது.