எட்டாவது வள்ளலுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: நன்கொடைப் பிரிவு, உலகப் பெரு நிறுவனங்கள்

ஐயா,

திறமூல மென்பொருளுக்குத் தாங்கள் நன்கொடை வழங்கிய செய்திக்குறிப்பைப் படித்துப் புல்லரித்துப் போனேன். தங்கள் படம் மேலே. தொகை கடைசிப் பத்தியில். கடையெழு வள்ளல்களுக்கு அடுத்த இடம் தங்களுக்குத்தான். ஒரே ஒரு தடங்கல்: பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான், தாங்கள் தேரை ஓட்டிக்கொண்டு போய்விட்டு, முல்லைப்பூ இரண்டு முழம் அனுப்பிவைக்கிறீர்கள்.

இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருளுக்கு 2014 வரை வந்த நன்கொடை, ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். (தங்கள் வரவேற்பறைப் பூச்சாடிச் செலவு தனி.) அந்த ஆண்டு ஏப்ரலில் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. சர்வர்களிலிருந்து கடவுச்சொல் கசியும் என்று தெரிந்ததும், அதே மாதத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளையில் கூடி, ஆளுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வீதம் மூன்றாண்டு தருவதாக அறிவித்தன. ஈகை அவ்வளவு வேகமாகச் சுரந்தது. அது பயம் என்று சொல்பவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள்.

2022 ஜனவரியில் தங்கள் இனத்தைச் சேர்ந்த ஃபார்ச்சூன் 500 நிறுவனமொன்று, இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற திறமூல மென்பொருளை எழுதிய ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்குக்கு மின்னஞ்சல் அனுப்பியது. லாக்4ஜே என்ற மென்பொருளில் அப்போது தெரியவந்திருந்த ஓட்டை உங்களிடமும் உண்டா, 24 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று. லாக்4ஜே ஜாவாவில் ஓடுவது. கர்ல் சி மொழியில் எழுதியது. அதைவிட முக்கியம், அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டால் மகிழ்ச்சியோடு சொல்கிறேன் என்றார் அவர். அப்படியானால் நாங்கள் உங்கள் வாடிக்கையாளர் இல்லையா என்று திரும்ப வந்தது கேள்வி, அதுவும் ‘டேவிட்’ என்று விளித்து.

இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறமூல உரிமத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ‘எந்த உத்தரவாதமும் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் அதே உரிமத்தில் இருப்பது மட்டும் தங்கள் வக்கீல் கண்ணில் படுவதில்லை.

எனவே விண்ணப்பம் இதுதான். வரும் நிதியாண்டு முதல் திறமூல மென்பொருளுக்குத் தரும் தொகையை நன்கொடைக் கணக்கிலிருந்து எடுத்து, மின்கட்டணத்துக்கு அடுத்த வரியில் செலவாக எழுதுங்கள். மாதாமாதம் கட்டுங்கள். கரண்ட் பில் கட்டிவிட்டுத் தாங்கள் போட்டோ எடுத்துக்கொள்வதில்லை அல்லவா?

இப்படிக்கு,
தங்கள் ஈகையில் நனைந்த ஒருவன்