கந்தனைத் தேடிய காடு

வாண்டுமாமா எங்கள் ஊரில் பிறந்தவர் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை, வீட்டில் சொல்லவில்லை, அவர் கதைகளைப் படித்துக் கிடந்த திண்ணையிலும் எவரும் சொல்லவில்லை. 2014 ஜூனில் அவர் காலமான செய்தியோடுதான், புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தில் பிறந்தவர் என்ற ஒரு வரி கண்ணில் பட்டது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓநாய்க்கோட்டையையும் காட்டுச் சிறுவன் கந்தனையும் பெரிய பட்டணத்துக்காரர் ஒருவர்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எங்கள் கூட்டமே நம்பியிருந்தது. கதை என்றால் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருவது. எங்கள் ஊரிலிருந்து கதை கிளம்பிப் போயிருக்கும் என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை.

அவருடைய இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. பிறந்தது 1925 ஏப்ரல் 21. அப்போது அரிமளம் புதுக்கோட்டை சமஸ்தானத்து ஊர். பிரிட்டிஷாரின் மேலாதிக்கத்தின் கீழ் ராஜா ஆண்ட தனி நாடு. திருச்சியில் பத்திரிகை வேலையைத் தொடங்கி, பிறகு சென்னைக்குப் போய்க் கல்கியில் நெடுங்காலம் இருந்தார். பெரியவர்களுக்கு எழுதியபோது கௌசிகன். எங்களுக்கு எழுதியபோது வாண்டுமாமா. 1972இல் கல்கி நிறுவனம் கோகுலம் என்ற சிறுவர் இதழைத் தொடங்கியபோது அதில் அவர் உழைப்பு இருந்தது. 1984இல் பூந்தளிர் என்ற சிறுவர் இதழ் வந்தபோது அதன் ஆசிரியரே அவர்தான். சாகசக் கதை, சித்திரக்கதை, விஞ்ஞானம், விலங்குகள், உலக நாடுகளின் கதைகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் ஓய்வு நேரத்தை நிரப்பிய இன்னொருவரைச் சொல் என்றால் எனக்கு உடனே பெயர் வராது.

1984 எனக்குப் பன்னிரண்டு வயது நடந்த வருஷம். அந்த ஒரே வருஷத்தில் எங்கள் தலையில் புதையல் கொட்டியது. ஜூலையில் ராணி காமிக்ஸ் வந்தது, விலை ஒன்றரை ரூபாய். அதே ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. அந்த வருஷமே பூந்தளிரும் வந்தது. சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972 முதலே வந்துகொண்டிருந்ததால் எங்கள் ஊர் அண்ணன்களிடம் பழைய முத்துகள் இருந்தன. அவற்றில் முதல் புத்தகமான இரும்புக்கை மாயாவி எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. யாரோ ஒருவரிடம் அட்டையில்லாத பிரதி உண்டு என்று பேச்சு. அதைப் பார்க்க வேண்டும் என்றால் அவர் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்க வேண்டும். இறைத்தோம்.

மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதைப் படித்த பிறகு சுவிட்சுப் பலகைப் பக்கம் நாங்கள் போனாலே வீட்டில் அலறினார்கள். இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் 1962இல் தொடங்கிய கதை அது. அங்கே அவன் பெயர் லூயிஸ் கிராண்டெல். ஆரம்பத்தில் அவன் நல்லவனும் இல்லை, மறையும் சக்தியைத் திருட்டுக்குப் பயன்படுத்தியவன். நாங்கள் அறிந்த மாயாவி கெட்டது செய்யாதவன். அவனை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் இன்றும் மனசு விரும்புகிறது.

காசு கொடுத்து வாங்கியவை குறைவு. மீதி எல்லாம் மாற்றிக்கொண்டவை. ஒரு முத்துவுக்கு இரண்டு ராணி. அட்டை போயிருந்தால் ஒன்றுக்கு ஒன்று. கடைசிப் பக்கம் இல்லாத புத்தகத்தை யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கி ஏமாந்தவன் முடிவைத் தானே கட்டிச் சொல்வான், சில சமயம் அசல் முடிவைவிட அது நன்றாக இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறிய இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்காக ஒருவன் உரக்கப் படிப்பான். துப்பாக்கி வெடிக்கும் கட்டம் வந்தால் எல்லோரும் சேர்ந்து சத்தம் போடுவோம், திண்ணைக்கு உள்ளிருந்து யாராவது திட்டுவார்கள். அந்த இருவரும் அப்படித்தான் படிக்கக் கற்றார்கள். அது பாடப் புத்தகத்தால் நடக்கவில்லை, கதை அடுத்து எங்கே போகிறது என்ற பதைப்பால் நடந்தது.

எங்கள் வீட்டில் பெரிய வாசகி அக்கா. கல்கியிலும் கோகுலத்திலும் வந்த தொடர்களை இதழ் வரும்போதெல்லாம் கத்தரித்து, மைதாப் பசை காய்ச்சி ஒட்டி, முதுகில் ஊசி நூல் கோத்துத் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போடுவாள். வாண்டுமாமாவின் சித்திரக்கதைகளை முழுதாக நான் படித்தது அந்தப் பைண்டிங்குகளில்தான். அவளிடம் புத்தகம் கேட்டால் முதல் வார்த்தை, "கையக் கழுவிட்டு வந்து தொடுடா." திருமயம் கோட்டைக்கு நாங்கள் சைக்கிளில் கிளம்பும்போது அவளை யாரும் அனுப்ப மாட்டார்கள். எல்லாச் சாகசத்தையும் எங்களுக்கு முன்னால் படித்து முடித்தவள் அவள். வாசற்படியில் நின்று, போய்வந்து என்னென்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்புவாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்தக் கதைகள் பையன்களுக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. அவற்றை வாழ்ந்து பார்க்க மட்டும் பையன்களை அனுப்பினார்கள்.

திருமயம் கோட்டை 1687இல் இராமநாதபுரத்துச் சேதுபதி கட்டியது என்பார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயரால் ஊமையன் கோட்டை என்றும் சொல்வது உண்டு. பாறைக்குன்றைச் சுற்றி மதில்கள், உச்சியில் பீரங்கி. ஏறும் வழியில் பாறையைக் குடைந்த ஓர் அறைக்குள் லிங்கம். மலையின் அடியில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் குடைவரைக் கோயில்கள். எங்களுக்கு அதுதான் ஓநாய்க்கோட்டை. பீரங்கியில் சாய்ந்து நின்றால் கண்மாய்களும் வயல்களும் கருங்காடுகளும் தெரியும். அங்கிருந்து பார்த்து, கந்தன் எந்தக் காட்டுக்குள் இருப்பான் என்று பேசிக்கொள்வோம். ஊருக்குத் திரும்பியதும் நாங்கள் போகும் காடு உண்டு. வீரை, உசிலை, காரை, சூரை என்று முள்ளும் நிழலுமாகக் கிடந்த குறுங்காடு. சூரைப்பழம் தின்று நாக்கு கறுத்து, முள் கிழித்த சட்டையோடு வீட்டுக்கு வருவோம். புலி இல்லை, சிங்கம் இல்லை. மயில் இருந்தது, பாம்பு இருந்தது, நாங்கள் சேர்த்துக்கொண்ட பயம் இருந்தது. அது போதுமாக இருந்தது.

இப்போது அந்தப் பழைய புத்தகங்களை வரிசையாக உட்கார்ந்து படித்தேன். சிலது தாங்கவில்லை. ராணி காமிக்ஸில் பின்னாளில் வந்த முகமூடி மாயாவியை உயிராக நேசித்தவன் நான். 1936இல் அமெரிக்காவின் லீ ஃபாக் படைத்த வீரன் அவன். இன்று படிக்கும்போது, ஒரு வெள்ளைக்காரன் தலைமுறை தலைமுறையாகக் காட்டு மக்களுக்குக் காவலனாக இருப்பதும், அந்த மக்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளத் தெரியாதவர்களாக நிற்பதும் உறுத்துகிறது. அன்று அது தெரியவில்லை. மண்டையோட்டுக் குகை, வெள்ளைக் குதிரை, முரசு ஒலி எல்லாம் இன்னும் அழகாகத்தான் இருக்கின்றன. அந்த அழகுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கொடுத்துவிட்டே படிக்கக் கொடுப்பேன்.

வாண்டுமாமா இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் பெரியவராகிறார். அவர் கதைகளில் காட்டுக்குள் போகிறவன் கந்தன். மர்ம மாளிகைக்குள் நுழைகிறவன் பலே பாலு. எங்கள் வகுப்பில் இரண்டு பெயர்களும் இருந்தன. உலகக் கதைகள் எல்லாவற்றையும் படித்து, அந்த வேகத்தையும் மர்மத்தையும் எடுத்துக்கொண்டு, துணிச்சலை மட்டும் நம் வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்தார். நடை எளிமை, ஆனால் பிள்ளைகளுக்குத்தானே என்று மழுப்பிய வாக்கியம் ஒன்றும் இல்லை. பூந்தளிரில் காக்கை காளி, வேட்டைக்கார வேம்பு, நினைத்தபடி வால் நீளும் கபிஷ் என்று வேற்று மொழியிலிருந்து வந்தவர்களைக்கூட நம் ஊர்க்காரர்கள் என்றே நாங்கள் நம்பினோம்.

அந்தக் காடு இன்று இல்லை. அரிமளத்தைச் சுற்றிப் போனால் வரிசை வரிசையாகத் தைல மரம். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974இல் தொடங்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துக் காடுகளில் பெரும் பரப்பு தைல மரத் தோப்பானது அதற்குப் பிறகுதான். மரங்கள் காகிதக் கூழுக்காக வெட்டப்பட்டு மறுபடி நடப்படுகின்றன. அடியில் புல் பூண்டு தழைப்பதில்லை, சூரைப்பழம் இல்லை. தோப்புகளுக்குள் வரப்பு போட்டு மழை நீரைத் தடுப்பதால் கண்மாய்களுக்குத் தண்ணீர் வருவதில்லை என்று அரிமளம் பகுதி மக்கள் போராடி வருகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்பதே என் கருத்து. கண்மாய்க்குத் தண்ணீர் வேண்டும் என்பது முதல் காரணம். பிள்ளைகள் தொலைந்து போய்த் திரும்பி வர ஒரு காடு வேண்டும் என்பதையும் நான் அதோடு சேர்த்துக்கொள்வேன்.

இந்த வட்டாரம் குழந்தைகளுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பக்கத்து இராயவரத்தில் 1922இல் பிறந்தவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. பின்னாளில் கோகுலத்தின் ஆசிரியர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. அதே இராயவரத்துக்காரர் சக்தி வை. கோவிந்தன், தமிழ்ப் பதிப்புலகில் தடம் பதித்தவர்; அணில் என்ற சிறுவர் இதழையும் நடத்தினார். 1940களில் பாலர் மலர், டமாரம் போன்ற சிறுவர் இதழ்கள் புதுக்கோட்டையிலிருந்து வந்தன. வாண்டுமாமா இந்த மண்ணில் தனியாக முளைத்தவர் அல்ல. இதைப் பள்ளியில் ஒரே ஒரு நாள் ஒரு வாத்தியார் சொல்லியிருந்தால், எங்கள் கூட்டத்தில் ஒருவனாவது பேனாவை எடுத்திருப்பான்.

அம்புலிமாமா இதழ் நின்றுவிட்டது. பூந்தளிர் நின்றுவிட்டது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. முத்துவும் லயனும் மட்டும் சிவகாசியிலிருந்து இன்னும் வருகின்றன. அவற்றை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். குழந்தைகள் இப்போது கதை கேட்பதில்லை என்று நம்மில் பலர் சலித்துக்கொள்கிறோம். அக்காவின் பேத்தி கோடை விடுமுறைக்கு வந்தாள், எட்டு வயது, கையில் எந்நேரமும் போன். அக்கா தன் பைண்டிங்கைப் பரணிலிருந்து இறக்கி, போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். கந்தன் ஆபத்தில் மாட்டிய இடத்தில் நிறுத்திவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டாள். "தாத்தா, அப்புறம் கந்தன் என்ன ஆனான்?" என்று அந்தப் பிள்ளை என்னிடம் ஓடி வந்தது. நான் சொல்லவில்லை. நீயே படி என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

2025 ஏப்ரலோடு வாண்டுமாமாவுக்கு நூறு வயது நிறைந்தது. பிறந்த ஊரில் ஒரு தெருவுக்கோ பள்ளிக்கூட வாசிப்பறைக்கோ அவர் பெயரை வைக்கலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை. அவருடைய நூல்கள் மலிவுப் பதிப்பாக இந்த வட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போக வேண்டும். புதுக்கோட்டையில் ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. லட்சம் புத்தகங்களுக்கு மேல் காத்து வைத்திருக்கும் இடம். உங்கள் வீட்டுப் பரணில் கோகுலமோ பூந்தளிரோ, மைதாப் பசை மணக்கும் பழைய பைண்டிங்கோ கிடந்தால் பழைய பேப்பர்க் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு, காத்து வைக்கிற ஒரு நூலகத்திடம் ஒப்படையுங்கள்.