இரண்டு டன் மகாரதர்

டிராக் டே மகாரதர் என்பவர், இரண்டு டன் எடையுள்ள அதிவேகக் காரை வாங்கிவிட்டு, அதை ரேஸ் டிராக்கில் ஓட்டத் தகுந்த டயரைத் தேடியே ஆயுளின் நல்ல பகுதியைக் கழிப்பவர். அமெரிக்காவெங்கும் காணப்படுகிறார், டெக்சஸ் மாநிலத்தில் இவருக்குப் பஞ்சமே இல்லை. டிராக் டே என்பது பந்தயம் அல்ல. கட்டணம் கட்டியவர்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து, இருபது நிமிடம் போலத் தவணை தவணையாக ஓட்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் நாள். பரிசும் கிடையாது, கோப்பையும் கிடையாது. இந்தச் செய்தி மகாரதரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இவரது வாகனம் பெரும்பாலும் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட், பிஎம்டபிள்யூ எம்5, டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் ஆகியவற்றுள் ஒன்று. 2015இல் வந்த ஹெல்கேட்டுக்கு 707 குதிரைத்திறன். எடை சுமார் 2,000 கிலோ. இப்போதைய எம்5, மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்ததில் 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது. குதிரைத்திறனைக் கேட்காமலே சொல்லும் மகாரதர், எடையைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்.

சிக்கல் முழுவதும் அவர் மாற்றிய அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. எஞ்சினின் வேலை காரைத் தள்ளுவது. நிறுத்துவதும் திருப்புவதும் நான்கு டயர்கள் தரையைத் தொடும் நான்கு சிறு இடங்களின் பொறுப்பு. மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 80க்கு வேகத்தைக் குறைக்கும்போது, இரண்டு டன் கார் கழிக்க வேண்டிய ஆற்றல் ஒரு டன் காரினுடையதைப் போல இரு மடங்கு. எடை இரட்டித்தால் டயரின் பிடிப்பும் இரட்டிக்கும் என்றால் கவலையில்லை. அது அப்படி ஏறுவதில்லை. சுமை கூடக் கூட, கிலோவுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் பிடிப்பு குறைந்துகொண்டே போகிறது. கழிக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு ரப்பரிலும் சூடாக இறங்குகிறது.

மகாரதரின் முதல் பருவம், கம்பெனி பொருத்திக் கொடுத்த டயரோடு டிராக்கில் இறங்குவது. ஆஸ்டின் நகரத்தை ஒட்டிய சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் டிராக்குக்கு நீளம் 5.513 கிலோமீட்டர், வளைவுகள் 20. முதல் மூன்று சுற்று அமோகமாகப் போகும். நான்காவதில் கார் திருப்பிய பக்கம் திரும்பாமல் நேராகப் போக ஆசைப்படும். பிட் எனப்படும் நிறுத்துமிடத்துக்குத் திரும்பியதும் முன் டயரைக் குனிந்து பார்ப்பார். வெளிவிளிம்பு உருண்டு, ரப்பர் சுருள் சுருளாகத் திரண்டு, அதில் டிராக்கின் பொடிக்கற்கள் பதிந்திருக்கும். தொட்டுப் பார்த்துச் சட்டென்று கையை இழுத்துக்கொள்வார். “டயர் சரியில்லை” என்ற தீர்ப்பு அந்த இடத்திலேயே வழங்கப்படும். மேல்முறையீடு கிடையாது.

இரண்டாம் பருவம் ஆராய்ச்சி. டயரின் பக்கச்சுவரை இவர் மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்குகிறார். 305/35இசட்ஆர்20 107ஒய் என்றிருந்தால், அகலம் 305 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 35 சதவீதம். ரிம் 20 அங்குலம். 107 என்ற சுமைக் குறியீட்டின்படி ஒரு டயர் 975 கிலோ தாங்கும். ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். கனமான காருக்கு இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது சுமைக் குறியீடு. மகாரதர் முதலில் பார்ப்பது அகலம். கடைசியில் பார்ப்பதும் அகலம்.

அடுத்து அவர் கண்ணில் படுவது டிரெட்வேர் எண். டயர் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைக் காட்ட அமெரிக்க அரசு ஏற்படுத்திய குறியீடு இது. அதே டெக்சஸில், சான் ஆஞ்சலோ நகரைச் சுற்றியுள்ள சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, 100 எண் கொண்ட மாதிரி டயரோடு தேய்மானத்தை ஒப்பிடுவார்கள். 200 என்றால் அதைப்போல இரு மடங்கு உழைக்க வேண்டும். ஆனால் மதிப்பெண்ணைப் போட்டுக்கொள்வது டயர் தயாரிப்பாளரே. ஆகவே 200 போட்ட டயர்களெல்லாம் ஒரே குணம் என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. யோகோஹாமா அட்வான் ஏ052க்கும் 200, ஹான்குக் ஆர்எஸ்4க்கும் 200. முன்னது ஓரிரு சுற்றில் மின்னலாய்ப் பிடித்து, கனமான காரின் அடியில் சீக்கிரமே சூடேறிச் சோர்ந்துவிடும். பின்னது அவ்வளவு வேகம் தராது. நாள் முழுக்க முகம் சுளிக்காமல் ஓடும்.

மூன்றாம் பருவத்தில் ஆலோசகர்கள் வந்து சேர்கிறார்கள். இவர்கள் மூவகை. ஒட்டும் டயரைத் தவிர மற்றதெல்லாம் டயரே அல்ல என்பவர் முதல் வகை. எந்த டயராக இருந்தாலும் காற்றழுத்தம்தான் எல்லாம் என்பவர் இரண்டாம் வகை. மூன்றாமவர், இந்தக் காரையே விற்றுவிட்டு மாஸ்டா மியாட்டா வாங்கச் சொல்பவர். ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடையுள்ள அந்தக் குட்டிக் காரின் பெயர் காதில் விழுந்ததும் மகாரதர் எழுந்து போய்விடுவார். காரணம் உண்டு. நேர்பாதையில் அவர் விட்டுப் பிரிந்த மியாட்டா, அடுத்த வளைவு முடிவதற்குள் கண்ணாடியில் மறுபடி தெரியும். டிராக் டே மரியாதைப்படி, பின்னால் வருபவருக்கு ஜன்னல் வழியே கை காட்டி வழி விட வேண்டும். மகாரதரின் கைக்கு அந்த நேரம் பார்த்துக் கியரிலோ ஸ்டியரிங்கிலோ அவசர வேலை வந்துவிடும்.

நான்காம் பருவத்தில் பணம் இறங்குகிறது. டிரெட்வேர் எண் 100 உள்ள டோயோ ஆர்888ஆர் போன்ற ஒட்டும் டயர்கள் வீடு வந்து சேர்கின்றன. புது டயரின் உயரமான ரப்பர்க் கட்டிகள் கனமான காரின் அடியில் நெளிந்து, சூடேறி, பிய்ந்து போகக்கூடும் என்பதால், ஓட்டுவதற்கு முன்பே ரப்பரைச் சீவி எடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அதாவது, காசு கொடுத்து வாங்கிய புது டயரை, மேலும் காசு கொடுத்துப் பாதி தேய்த்து வாங்கிக்கொள்வது. இந்தக் கணக்கை வீட்டில் விளக்கி வெற்றி கண்ட மகாரதர் எவருமில்லை.

இந்த டயர்களோடு மழையில் வீடு திரும்புவது ஆபத்து. ஆகவே இன்னொரு செட் சக்கரம் தேவை. அதை ஏற்றிவர டிரெய்லர் தேவை. டிரெய்லரை இழுக்க பிக்கப் தேவை. காரின் எடையால் வந்த சிக்கல் இப்படி மேலும் இரண்டு வண்டிகளால் தீர்க்கப்படுகிறது.

ஐந்தாம் பருவத்தில்தான் உண்மையான முன்னேற்றம் தொடங்குகிறது. கையில் பிரஷர் கேஜ் வருகிறது. டயர் ஐந்தாறு டிகிரி சூடேறினால் அழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ கூடும் என்பது புரிகிறது. ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் சூடாக இருக்கும்போதே அளந்து காற்றை இறக்கப் பழகுகிறார். டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்க்கிறார். நடுப்பகுதி மட்டும் கொதித்தால் காற்று அதிகம். வெளிவிளிம்பு மட்டும் கொதித்தால் முன்சக்கரத்தின் மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது, அதாவது கேம்பர், போதவில்லை. சாலைக்கென்று வைத்திருக்கும் சாய்வை இரண்டரை, மூன்று டிகிரிக்குக் கொண்டுபோனால், முன்பு அவர் குனிந்து பார்த்துத் திட்டிய அதே டயர் ஒழுங்காகத் தேயத் தொடங்குகிறது.

இவ்வளவையும் கடந்து மகாரதர் வந்து சேரும் முடிவு எளியது. கனமான காருக்கு ஏற்ற டயர், ஒரே ஒரு சுற்றில் அதிவேகம் காட்டுவது அல்ல. போதிய சுமைக் குறியீடு உள்ளதாக, நெளியாத பக்கச்சுவர் உள்ளதாக, இருபது நிமிடச் சூட்டைத் தாங்குவதாக, தேய்ந்தால் மறுபடி வாங்கக் கட்டுப்படியாவதாக இருக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு 200 எண் வரிசையில் சூடு தாங்கும் டயர் ஒன்றே போதும். மிச்சமாகும் பணத்தைப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சொல்லித்தரும் பயிற்சியாளருக்குக் கொடுத்தால், எந்த டயரும் தராத நேரக் குறைப்பு கிடைக்கும்.