புயலுக்கு லீவு போட்ட மூளை

2021 அக்டோபரில் பிலிப்பைன்சில் பெரும்புயல் அடித்தது. அமெரிக்காவில் ஒரு செயற்கை நுண்ணறிவு சுருண்டு படுத்துக்கொண்டது. மழை கொட்டினால் நம் ஊர் ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார். மென்பொருளுக்கும் மழை விடுமுறை உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்த மென்பொருளின் பெயர் நேட். எந்த இணையக் கடையாக இருந்தாலும் ஒரே ஒரு தட்டு போதும். அளவு, நிறம், முகவரி, அட்டை எண் எல்லாவற்றையும் தானே நிரப்பிப் பொருளை வாங்கித் தந்துவிடும் என்றார்கள். நிறுவனர் ஆல்பர்ட் சானிகர் இதைச் சொல்லியே 4 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் அவர்மீது மோசடிக் குற்றம் சாட்டினார்கள். குற்றப்பத்திரிகைப்படி, அந்த நுண்ணறிவு குடியிருந்த இடம் பிலிப்பைன்சில் ஒரு கால் சென்டர். நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து, யாரோ ஒரு சீமாட்டியின் சட்டை அளவைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். இயந்திரம் தானாகச் செய்த வேலை, நடைமுறையில் 0 சதவீதம். அந்த எண்ணைச் சொந்த ஊழியர்களுக்கே காட்டக் கூடாத வணிக ரகசியமாக வைத்திருந்தாராம். பூஜ்யத்துக்குப் பூட்டு போட்ட மகான்! புயலில் வேலை தேங்கியதும் ருமேனியாவில் இன்னொரு கால் சென்டர் முளைத்தது. ‘புதிய பதிப்பு’ என்று இதற்குப் பெயர் சூட்டாமல் விட்டதுதான் ஆச்சரியம்.

இவர் ஒருவர்தான் கள்ளன், மற்றவர்கள் காசிக்குப் போனவர்கள் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் பில்டர் ஏஐ என்றொரு கம்பெனி. பீட்சா வாங்குவதுபோல் செயலி வாங்கலாம், ‘நடாஷா’ என்ற செயற்கை நுண்ணறிவு எல்லாம் பார்த்துக்கொள்வாள் என்றார்கள். 2019இல், அதற்கு இன்ஜினியர் ஏஐ என்று பெயர் இருந்தபோதே, பெரும்பாலான வேலையை இந்தியப் பொறியாளர்கள்தான் செய்கிறார்கள் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதிவிட்டது. முதலீட்டாளர்கள் அதைப் படித்துவிட்டு என்ன செய்தார்கள்? 2023இல் கத்தார் முதலீட்டு ஆணையம் முன்னின்று 25 கோடி டாலரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மைக்ரோசாஃப்டும் கைகோத்தது. 2025 மே மாதம் கம்பெனி திவால். பெட்டிக்கடை வைக்க ஐம்பதாயிரம் கடன் கேட்டுப் போகிறவனிடம் வங்கி கேட்கும் கேள்விகளில் பாதியை நடாஷாவிடம் கேட்டிருந்தால் போதும்.

2024 அக்டோபரில் டெஸ்லா நடத்திய விழாவில் மனித உருவ ரோபோக்கள் விருந்தினருக்குப் பானம் ஊற்றிக் கொடுத்துக் குசலம் விசாரித்தன. பின்னால் ஆட்கள் இருந்து இயக்கினார்கள் என்பது பிறகு தெரிந்தது. நம் தோல்பாவைக் கூத்துக்காரர் திரைக்குப் பின்னால் தாம் இருப்பதை ஒருநாளும் மறைத்ததில்லை. தட்டில் விழும் காசும் அவருக்குத்தான் போகும்.

அமேசானாவது 2005இல் உண்மையைச் சொல்லிவிட்டுத் தொடங்கியது. கணினியால் ஆகாத சில்லறை வேலைகளை உலகமெங்கும் உள்ளவர்களுக்குச் சில சென்ட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் சேவைக்கு ‘மெக்கானிக்கல் டர்க்’ என்று பெயர் வைத்தார்கள். 1770இல் கெம்பெலன் என்பவர் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவுக்காகச் செய்த சதுரங்க பொம்மையின் பெயர் அது. பொம்மையின் பெட்டிக்குள் ஓர் ஆள் ஒடுங்கி உட்கார்ந்து காய் நகர்த்துவார். உலகறிந்த ஏமாற்றின் பெயரையே பலகையில் எழுதித் தொங்கவிட்ட துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

‘அவையெல்லாம் போலிகள், சாட்ஜிபிடி நிஜம்’ என்பீர்கள். நிஜம்தான். அதன் வாயிலிருந்து அசிங்கம் வராமல் இருக்க, எது அசிங்கம் என்று அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டுமே! அந்தப் பணி நைரோபிக்குப் போனது. சாமா என்ற கம்பெனியின் ஊழியர்கள் குழந்தைகள்மீதான பாலியல் வன்முறை, கொலை, சித்திரவதை, தற்கொலை பற்றிய வர்ணனைகளை நாள் முழுக்கப் படித்து வகைபிரித்தார்கள். மனம் பேதலித்துப் போனதாக அவர்களே சொன்னார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, ஒப்பந்தப்படி அந்த வேலைக்கு மணிக்கு 12.50 டாலர் கொடுத்தது. அவற்றைப் படித்தவர்கள் கைக்கு வந்தது 1.32 டாலரிலிருந்து 2 டாலர் வரை. நம் கணக்கில், நரகத்தை ஒரு மணி நேரம் வாசிக்க நூற்றுச் சொச்சம் ரூபாய். டைம் பத்திரிகை இதை வெளியிட்டது 2023 ஜனவரியில். அதே மாதம்தான் ஓப்பன்ஏஐக்குப் பல நூறு கோடி டாலர் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எந்தச் செய்தி பெரிதாக ஓடியது என்று கேட்காதீர்கள், எரிச்சலாக வருகிறது.

இந்த ஆட்களை ஒளித்துவைப்பது வெட்கத்தால் அல்ல, கணக்கால். உள்ளே ஆள் இருக்கிறார் என்று சொன்னால் அவருக்குச் சம்பளம், விடுமுறை, வைத்தியம், சங்கம் எல்லாம் வரும். கம்பெனியின் மதிப்பும் கால் சென்டர் மதிப்புக்கு இறங்கிவிடும். இயந்திரம் என்று சொன்னாலோ ஆள் மறைந்து பணம் மட்டும் வெளியே வருகிறது. அப்புறம் அதே இயந்திரத்தைக் காட்டி, ‘உன் வேலை போகப்போகிறது, கூலி உயர்வு கேட்காதே’ என்று மீதிப் பேரை மிரட்டலாம்.

சானிகர் வழக்கில் சாட்டப்பட்டிருப்பவை பங்குப் பத்திர மோசடி, மின்வழி மோசடி. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 20 ஆண்டு சிறை. ஏமாற்றப்பட்டதாக அதில் காட்டப்படுகிறவர்கள் முதலீட்டாளர்கள். இயந்திரத்தின் பெயரில் இரவும் பகலும் படிவம் நிரப்பியவர்களும் அதில் வருகிறார்கள், ஆதாரமாக: அவர்கள் மனிதர்கள் என்பதுதானே அங்கே குற்றமே.